விழுகிற இடம்

எங்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் எப்போதும் இரண்டு வண்டி நிற்கும். ஒன்று எல் போர்டு மாட்டிய ஆல்ட்டோ. இன்னொன்று பார் வைத்த பழைய ஜென்ட்ஸ் சைக்கிள். கார் பழக வருகிறவர்கள் அந்தச் சைக்கிள் ஆபீஸ் பையனுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். நான்காம் நாள் காலையில் அதன் பூட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

புதுக்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்து வருஷம் ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ், இவை இருந்தால் விதிப்படி நீங்கள் இன்ஸ்ட்ரக்டர். எனக்கும் இவை இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு இடது சீட்டில் உட்காரலாம். உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

என் முதல் வண்டி சைக்கிள்தான். 1992-ல் எனக்குப் பதினாலு வயது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் மாவட்டம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். கல்லுடைக்கப் போகிறவர்கள், நர்ஸம்மாக்கள், ஸ்கூல் பிள்ளைகள் எல்லாரும் பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் கூடிவிடுவார்கள். என் அம்மாவும் கல் குவாரியில் வேலை பார்த்தவர்தான். எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது, அம்மாவுக்கு வரவில்லை. மைதானத்தில் பழகக் கூச்சப்பட்டு, விடியற்காலையில் என்னை எழுப்பிக்கொண்டு ரோட்டுக்கு வருவார். அம்மா மிதிக்க, நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

அப்படி ஓடிய ஒருநாள், ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஒட்டிப் போனது. இடிக்கவில்லை, ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். லாரியின் முகப்பு கடக்கும்போது காற்று எங்களை மண் பக்கம் தள்ளியது. பின்பக்கம் கடக்கும்போது லாரிப் பக்கமாகவே உள்ளே இழுத்தது. கேரியர் கம்பி என் உள்ளங்கைக்குள் முதலில் இந்தப் பக்கம் திருகியது, அடுத்த நொடி அந்தப் பக்கம் திருகியது. நான் பிடித்திருந்ததால் அம்மா விழவில்லை. லாரி டிரைவரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே நடக்கவில்லை, அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அந்தத் திருகல் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. காரில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அதை எப்படிக் கடத்துவது என்பதுதான் நான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிற வேலை.

அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தபோது எஞ்சினைப் பிரித்துப்போட்டுத் திரும்பக் கோக்கத் தெரிந்தது, வண்டியை ஓட்டத் தெரியவில்லை. அதற்காகத்தான் மாஸ்டரிடம் போனேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருந்தார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். இடது பக்கம் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அவருடைய வலது கை எப்போதும் தொடைமேல்தான் இருக்கும். வண்டி ஓரம் சாய்ந்தால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் எழுந்து ஸ்டியரிங்கின் அடிவளையத்தைத் தொடும். ஒரு நூல் அளவு தள்ளுவார். வண்டி நேராகிவிடும். பல நேரம் நானே சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அவரும் அப்படியே நினைக்க விட்டுவிடுவார். காய்ப்பு ஏறிய, நகக்கண்ணில் கிரீஸ் போகாத அந்த இரண்டு விரல் பக்கத்தில் இருக்கிறவரை எந்த நெரிசலிலும் எனக்குப் பயமே வந்ததில்லை.

"விரல் போதும்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோகாதே. கை போதும்கிற இடத்துக்குப் பிரேக்கைக் கொண்டுபோகாதே" என்பார்.

கார் பழகுகிறவருக்கு முதலில் வர வேண்டியது இடது சக்கரத்தின் அறிவு. நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். சைக்கிள் போவதோ இடது பக்கம். வண்டியில் நமக்குத் தெரியாத பக்கத்தில்தான் அவர் இருக்கிறார். மாஸ்டர் இதற்குக் காலி ரோட்டில் ஒரு சாக்கை விரித்துப்போடுவார். இடது முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்ற வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது, பானெட்டின் நடுவை ரோட்டோரத்தோடு பொருத்திப் பார்த்துக் கணக்குப் பண்ண வேண்டும். ஏற்றப் பழகின பிறகு, அதே சாக்கை ஒரு சாண் விட்டு, ஒரு முழம் விட்டு, இரண்டு முழம் விட்டுத் தாண்டச் சொல்வார். எனக்கு இது மட்டும் ஐந்து நாள் ஆனது. இன்றைக்கும் என் டிக்கியில் ஒரு சாக்கு இருக்கும்.

சாக்கு முடிந்த மறுநாள் திருக்கோகர்ணம் பக்கம் ஒரு சைக்கிளை முந்தினேன். நன்றாகத்தான் முந்தினேன், இரண்டு முழம் விட்டிருந்தேன். மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பக்கத்து டீக்கடையில் சொல்லி ஒரு சைக்கிளை வாங்கிவந்து, தார் ரோட்டின் விளிம்பில் நிறுத்தினார். அப்படியே வலது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார். ஹேண்டில் வந்து விழுந்த இடத்துக்கு அப்பால், ஓட்டுகிறவன் தலை போய்ச் சேர்கிற தூரம் வரைக்கும், தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டிப் போட்டார்.

"நிக்கிற சைக்கிள் ரெண்டு அடிம்மா. விழுந்த சைக்கிள் தலையோட சேர்த்து ஆறு அடி. துண்டு முடியுற வரைக்கும் அவன் இடம். அவன் விழுந்தாலும் உன் சக்கரத்துக்கு வெளியில விழணும். அந்த இடம் இல்லைன்னா பின்னாலேயே போ."

நான் விட்ட இரண்டு முழம் துண்டின் நடுவில் வந்து நின்றது. இதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். 2017-ல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளில், நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள் விஷயத்தில் டிரைவர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் அதைப் படித்துக் காட்டுவேன். ஆனால் புரியவைப்பது துண்டை விரித்துத்தான்.

"பின்னாலேயே போ" என்று சொல்வது சுலபம். இங்கேதான் நான் வெகுநாள் தடுமாறினேன். எத்தனை தடவை சொன்னாலும் என்னிடம் பழகினவர்கள் சைக்கிளைக் கண்டால் முந்தப் பார்த்தார்கள். எதிரே பஸ் வரும், அப்போதும் நுழைவார்கள். அவசரக்காரர்கள் என்று நினைத்து நானும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு ஸ்கூல் டீச்சர், சாதுவான மனுஷி, இதையே செய்தபோதுதான் அவருடைய இடது காலைக் கவனித்தேன். கால் கிளட்சுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டி நான்காவது கியரில் இருந்தது. சைக்கிள் பின்னால் மெதுவாகப் போக வேண்டுமென்றால் இரண்டாவதுக்கு இறக்க வேண்டும். இறக்கத் தெரியாது, இறக்கினால் வண்டி குலுங்கும், நின்றுவிடும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அந்தப் பயத்துக்கு முந்திவிடுவதே மேல் என்று கால் முடிவு பண்ணிவிட்டது. அவருக்கு இருந்தது அவசரமே இல்லை, கியர் பயம்.

அன்றிலிருந்து பாடத்தின் வரிசையை மாற்றிக்கொண்டேன். முந்தக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, கிளட்ச் கடிக்கிற இடத்தில் காலை ஒரு நொடி நிறுத்திப் பிறகு விடுவது. காலி ரோட்டில் இதை மட்டும் ஒரு மணி நேரம். இரண்டாவது கியரில் வண்டி சைக்கிள் வேகத்துக்குச் சொன்னபடி கேட்கும். அது வந்துவிட்டால் பழகுகிறவர் முகத்தில் ஒரு நிதானம் வரும். சைக்கிளுக்குப் பின்னால் அரை கிலோமீட்டர் வேண்டுமானாலும் போவார். புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: பழகுகிறவரின் முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் காலைப் பாருங்கள்.

என் காலையும் சொல்ல வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் ஆன முதல் வருஷம் என் கால் டூயல் பிரேக்கை விட்டு நகரவே நகராது. தூரத்தில் சைக்கிள் தெரிந்தால், பழகுகிறவர் பார்ப்பதற்கு முன்னால் நான் அழுத்திவிடுவேன். என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதில் எனக்கு அத்தனை பெருமை. ஒருநாள் மாஸ்டர் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். கீழ ராஜ வீதியில் ஒரு சுற்று முடிந்ததும், "வண்டியை ஓட்டினது யாரு?" என்று கேட்டார். பழகின பையன், "நான்தான் சார்" என்றான். "நீ ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தே. ஓட்டினது உங்க அக்கா" என்றார். பிறகு என்னிடம், "லைசென்ஸ் வாங்கினப்புறம் இவன்கூட நீ போவியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் முழுக்கக் காலைப் பின்னுக்கு இழுத்து, குதிகாலை சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு நான் பட்ட பாடு, ஓட்டப் பழகியபோது பட்டதைவிட அதிகம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் போகும். அந்தப் பதினோரு மீட்டரில் எத்தனை மீட்டரைப் பழகுகிறவருக்கு விட்டுக்கொடுக்கலாம், எங்கே என் கால் முன்னே வர வேண்டும் என்பது புத்தகத்தில் கிடைக்காது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு அளவு.

அப்படி விட்டுக்கொடுத்ததில் ஒருமுறை தவறு நடந்தது. 2006, திருமயம் ரோடு. பழகிக்கொண்டிருந்த பையன் நன்றாகத்தான் ஓட்டினான். முன்னால் ஒரு பெரியவர் கேரியரில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போனார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு தார். பையன் ஹேண்டிலைக் கணக்குப் பண்ணி ஒதுங்கினான். நானும் ஹேண்டிலைத்தான் பார்த்தேன். தார் ஹேண்டிலைவிட ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடது கண்ணாடி தாரில் பட்டது. படார் என்று பெரிய சத்தமெல்லாம் இல்லை, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியைப் பார்த்தேன், சைக்கிளைக் காணோம்.

இறங்கி ஓடினேன். பெரியவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். முழங்கை தோல் உரிந்து, அதில் சின்னச் சின்ன ஜல்லி ஒட்டியிருந்தது. நான் குனிந்து கையைப் பிடிப்பதற்குள் அவர் சொன்னார்: "தப்பு என்னோடதுதாங்கம்மா. நான் இன்னும் ஓரமாப் போயிருக்கணும்."

அவர் சக்கரம் தார் ரோட்டின் விளிம்பில்தான் போயிருந்தது. அதற்கு மேல் ஓரம் கிடையாது. விளிம்புக்குக் கீழே நான்கு விரல் பள்ளம், பிறகு பொலபொலவென்று மண். முன்சக்கரம் அதில் இறங்கினால் திரும்ப ஏறாது, ஆளைத் தள்ளிவிடும். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு விழுந்து கிடக்கிற ஒருவர், என்னிடம் மன்னிப்புக் கேட்டார். காயத்துக்குக் கட்டுப்போட்டு, இரண்டு தாருக்கும் காசு கொடுத்து, அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பையனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவன் தப்பு இல்லை, சொல்லிக்கொடுத்தவள் தப்பு. மாஸ்டரின் துண்டை நான் ஹேண்டிலிலிருந்து அளந்திருக்கிறேன், சுமையிலிருந்து அளந்திருக்க வேண்டும். பால் கேன், இளநீர்க் குலை, புல்லுக்கட்டு, பின்னால் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு போகிற சின்னப் பிள்ளை, எது கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்துதான் துண்டு தொடங்குகிறது.

அதற்குப் பிறகுதான் வாசலில் சைக்கிளை வாங்கி நிறுத்தினேன்.

நான்காம் நாள் பாடம் இதுதான். பழகுகிறவர் சைக்கிளில் போவார். நான் காரில் பின்னால் வருவேன். ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று முறை அவரை முந்துவேன். முதல் முறை ஆறு அடி விட்டு, இரண்டாவது முறை நான்கு அடி விட்டு, மூன்றாவது முறை மறுபடி ஆறு அடி விட்டு. வேகம் எல்லா முறையும் முப்பதுதான். நான்கு அடிக்குக் கீழே ஒருபோதும் போனதில்லை, இனியும் போக மாட்டேன். அது போதும். இறங்கி வந்ததும் அவர்களே சொல்வார்கள், இரண்டாவது தடவை தோள் தானாகச் சுருங்கியது என்று. மறுப்பவர்களும் உண்டு. பெரிய வேலையில் இருந்த ஒருவர், "மேடம், நான் காருக்குத்தானே ஃபீஸ் கட்டினேன்?" என்று கேட்டார். "ஆமா சார், இதுவும் கார் கிளாஸ்தான்" என்றேன். போய்விட்டு வந்து வெகுநேரம் தண்ணீர் குடித்தார். பிறகு அவரே, "அந்த மேட்டுல எந்திரிச்சு மிதிக்கிறப்ப வண்டி ரெண்டு பக்கமும் ஆடுது மேடம்" என்றார். ஆடும். மேட்டில் எழுந்து மிதிக்கிறவருக்கு ஆறு அடியும் போதாது என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறிவொளியில் சைக்கிள் பழகிய பெண்கள் சிலர் ஐம்பது வயதில் என்னிடம் கார் பழக வந்திருக்கிறார்கள். கிளட்ச் அவர்களுக்குத் தாமதமாகத்தான் வரும். ஆனால் முன்னால் போகிற சைக்கிள் என்ன செய்யப்போகிறது என்பதை எனக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள். "அந்தப் புள்ளை திரும்பப் போவுது" என்பார்கள். நான் பார்க்கும்போது அந்தப் பிள்ளை அப்போதுதான் மிதிப்பதை நிறுத்தியிருக்கும். திரும்பப் போகிற சைக்கிள் முதலில் மிதிப்பதை நிறுத்தும், பிறகு வலது தோள் தாழும், பிறகுதான் கழுத்து திரும்பும். கழுத்து திரும்பினால் பெரும்பாலும் ஹேண்டிலும் கூடவே திரும்பிவிடும். அதனால்தான் சைக்கிளின் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்கக் கூடாது என்கிறேன். அடித்தால் திரும்பிப் பார்ப்பார், திரும்பிப் பார்த்தால் நம் பக்கம் வருவார். அடித்தே ஆக வேண்டுமென்றால் முப்பது நாற்பது மீட்டர் முன்னாலேயே சின்னதாக ஒன்று. வயதானவர் என்றால் அதுவும் வேண்டாம், இரண்டாவது கியர் இருக்கிறது.

நம் அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிற வாரத்தில் காலை எட்டே காலிலிருந்து ஒன்பதரை வரைக்கும் நான் புதியவர்களை ரோட்டில் ஏற்றுவதில்லை. கொஞ்சம் பழகினவர்களை மட்டும் வேண்டுமென்றே அந்த நேரத்தில் கூட்டிப்போவேன். எல்லாம் ஒரே நிறச் சைக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. உயரம் சரிபண்ணாததால் சில பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே போவார்கள். அவர்களை ஒதுங்கச் சொல்லி யாரும் ஹாரன் அடித்தால் எனக்குக் கோபம் வரும். ஸ்கூல் போக வர அந்தப் பிள்ளைக்கு இருப்பது அந்த ஒரு சைக்கிள்தான்.

இருட்டுப் பாடத்தைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்கக் கூடாது. கந்தர்வகோட்டை ரோட்டில் எதிர் வண்டி பிரைட் லைட்டோடு வரும்போது, அந்த வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். லைட் இல்லாத சைக்கிள் அதற்குள்தான் போய்க்கொண்டிருக்கும். எதிர் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், கண்ணை இடது பக்கத் தார் விளிம்புக்குக் கொண்டுவந்து வேகத்தைப் பாதியாக்குங்கள். மஞ்சளாக இரண்டு சின்னப் பொட்டு மேலும் கீழும் மாறி மாறி ஏறி இறங்கினால் அது பெடல் ரிஃப்ளெக்டர், அங்கே ஒரு ஆள் மிதித்துக்கொண்டிருக்கிறார். அதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், பிறகு அவர்கள் கண் தானாகத் தேடும்.

நிறுத்திய காரின் கதவை இடது கையால் திறக்கச் சொல்வதும் மாஸ்டர் வழிதான். வலது கையால் திறந்தால் உடம்பு திரும்பாது, கதவு நேராகப் போய்ச் சைக்கிளில் வருகிறவர் முழங்காலைப் பிடிக்கும். இடது கை கதவுக்கு எட்ட வேண்டுமென்றால் தோள் திரும்பியாக வேண்டும், தோள் திரும்பினால் கண் பின்னால் போகும். என் வண்டியில் வலது கையால் திறந்தவர் மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த முப்பது நாளும் வீணாகக் காத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூலில் இருபத்தொரு நாளில் குறைந்தது பத்து மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்பது விதி. பத்து மணி நேரத்தில் கிளட்ச் வரும், ரிவர்ஸ் வரும், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கிரவுண்டில் எட்டும் வந்துவிடும். கிரவுண்டில் சைக்கிள் கிடையாது. அதனால் பயிற்சிச் சான்றிதழான ஃபார்ம் 5-ல் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எந்தத் தாளிலும் அது இல்லை.

போன வாரம் அந்தச் சோதனைக்கு ஒரு பெண்ணை ஆலங்குடி ரோட்டில் கூட்டிப்போனேன். காலை ஆறேகால். முன்னால் ஒரு பெரியவர், கேரியரில் கீரைக்கட்டு, அதன்மேல் ஈரச் சாக்கு. எதிரே மினி பஸ் வந்தது. அவள் கேட்காமலேயே மூன்றுக்கு இறக்கினாள், பிறகு இரண்டுக்கு. வண்டி குலுங்கவில்லை. மினி பஸ் போனது, அதன் பின்னால் ஒரு டூ வீலர், அதுவும் போனது. கண்ணாடி பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், ரோட்டின் வலது பாதிக்கு முழுசாக ஏறினாள். என் குதிகால் சீட்டுக்கு அடியில் இருந்தது. விரல் தொடைமேல் இருந்தது. ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. பெரியவர் மிதித்துக்கொண்டே இருந்தார், பாட்டு முணுமுணுத்திருப்பார் போல, உதடு அசைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கண்ணாடியில் அவர் முழுசாகத் தெரிகிற வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகுதான் அவள் மெல்ல இடப்பக்கம் வந்தாள்.

திரும்பி வந்ததும் ஃபார்ம் 15 பதிவேட்டில் நாற்பத்தைந்து நிமிஷம் என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.